நெற்றிக்கு ஏறிய கண்ணாடி

ஏறாவூரில் பிரதான வீதியோரம் இருந்த அந்தக் கடைக்கு மூன்று பெயர்ப்பலகைகள். மூன்றிலும் வெவ்வேறு பெயர். சனங்கள் ஒன்றையும் வாசிப்பதில்லை, ‘நானாட கடை’ என்றுதான் சொல்வார்கள். நானா என்று எல்லோரும் கூப்பிட்டவர் அதன் முதலாளி இல்லை. முதலாளி கொழும்பில் இருந்தார். நானா ஸ்கேனருக்கு முன்னால் இருந்த சம்பளக்காரர், நான் பக்கத்து மேசைத் தட்டச்சுக்காரி. இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரேயொரு காற்றாடி. அதுவும் போட்டோக்கொப்பி மெஷின் சூடேறக் கூடாதென்று அந்தப் பக்கம் பார்த்துத்தான் சுற்றும். அப்படி ஆறு வருடம் இருந்தோம்.

தாள்களைப் படமாக்குவது அவர் வேலை. கேட்டால் சின்ன விடயம். ஆனால் இந்தக் காலத்தில் எங்கள் சனத்துக்கு அதைப்போலத் தலையிடி வேறில்லை. எல்லா விண்ணப்பமும் கைபேசிக்குள் வந்துவிட்டது. அடையாள அட்டையைப் படமாக ஏற்று, இரண்டு பக்கமும் ஏற்று, இன்ன அளவுக்கு மேல் போனால் எடுக்கமாட்டேன் என்று அது அடம்பிடிக்கும். கட்டாரில் இருக்கிற மகன் தனக்குப் பிடிஎஃப் திறக்குதில்லை, பக்கம் பக்கமாகப் படமாக்கி அனுப்பு என்பான். தாய்மார் பாவம், ஒரு ஷொப்பிங் பையில் தாள்களைச் சுற்றிக்கொண்டு வெயிலில் அலைவார்கள். வேறு கடைகளில் கைபேசியால் சட்டென்று ஒரு படம் பிடித்துக் கொடுத்துவிடுவார்கள். தாள் சரிந்து, மூலை வெட்டுப்பட்டு, பிடித்தவனின் பெருவிரலும் சேர்ந்து வரும். கந்தோரில் திருப்பி அனுப்புவார்கள். அதற்குப் பிறகுதான் நானாவின் நினைவு வரும்.

நானா தாளைக் கையில் வாங்குவதற்கு முதல் ஒன்று செய்வார். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிடுவார். பிறகு தாளை ஸ்கேனரில் கவிழ்த்து, மூடியைச் சாத்தி, திரையில் படம் வந்ததும் முகத்தை அதற்குக் கிட்டக் கொண்டுபோய் விரலால் எண்ணுவார். “நாலு மூலையும் தெரியிதா? தெரியிது.” தாளைச் சுற்றி ஒரு விரல் அகலத்துக்குச் சாம்பல் நிற ஓரம் விட்டுத்தான் எடுப்பார். வேறு யாரும் அப்படி எடுப்பதில்லை. படத்துக்குப் பெயர் வைக்க மாட்டார், ஒன்று, இரண்டு என்று இலக்கம்தான். அனுப்ப வேண்டியதை அனுப்பிவிட்டுக் கண்ணாடியைத் திரும்ப மூக்குக்கு இறக்கித் தாளை நீட்டுவார். கடை சாத்துமுன் அன்றைய படங்கள் முழுவதையும் அழித்துவிடுவார்.

கண்ணாடி இல்லாமல் அந்த வயதில் என்ன வாசிக்க முடியும்? அதுதான் சனத்துக்கு அவரில் இருந்த நம்பிக்கை. வைத்தியசாலை அறிக்கை, பொலிஸ் முறைப்பாடு, காதி நீதிமன்றத்து மனு என்று வீட்டுக்காரருக்கே காட்டாத தாள்களை எல்லாம் அவரிடம் கொடுத்தார்கள். ஓட்டமாவடியிலிருந்துகூட பஸ் ஏறி வருவார்கள். அது அவர் பிறந்த ஊர். அங்கே பத்துக் கடை இருக்க இங்கே ஏன் வருகிறீர்கள் என்று ஒரு தரம் கேட்டேன். “அந்த நானா வாசிக்கிறல்ல” என்று பர்தா போட்ட ஒரு ராத்தா சொன்னார். அவ்வளவுதான் காரணம்.

“எழுத்து உங்கட. தாள் மட்டுந்தான் எனக்கு” என்பார் நானா. கட்டாரில் ஒரு பெரிய கந்தோரில் பதினான்கு வருடம் இதே வேலைதான் பார்த்தவர். பழைய கோப்புகளைப் பிரித்து ஒவ்வொரு பக்கமாகப் படமாக்க வேண்டும். எல்லாம் அரபு. குர்ஆன் ஓதிப் பழகியதால் எழுத்துக் கூட்டித் தெரியும், விளங்காது. “அது நிம்மதி புள்ள” என்று ஒரு நாள் சொன்னார். நிம்மதியாம். பதினான்கு வருடம் ஒரு வரியும் விளங்காமல் தாள் புரட்டுவதில் என்ன நிம்மதி என்று நான் சிரித்தேன். அப்போது எனக்கு அவ்வளவுதான் அறிவு.

ஒரு தரம் ஒருவன் கடைக்குள் வந்து நானாவின் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றான். முதல் நாள் அவன் மனைவி வந்து போயிருந்தாள். காதியாரிடம் என்ன எழுதிக் கொடுத்திருக்கிறாள் என்று அவனுக்குத் தெரிய வேண்டும். நானா யோசித்துப் பார்த்துவிட்டு, “நாலு தாள் வாப்பா. ரெண்டாவதுல மூலை மடிஞ்சி கிடந்திச்சி, நிமித்தி எடுத்தன்” என்றார். அவன் திரும்பத் திரும்பக் கேட்டான். நானா மடிந்தது வலது மூலை என்பதைச் சொன்னார். கடைசியில் அவன் கெட்ட வார்த்தையில் ஏசிவிட்டுப் போனான். நான் இரண்டு நாள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். நானா சிரிக்கவில்லை. அன்றைக்குப் பகல் சாப்பாட்டையும் அவர் திறக்கவில்லை என்பது எனக்கு இப்போது நினைவுக்கு வருகிறது.

வெறும் பக்கத்தையும் எடுப்பார். தாளின் பின்பக்கம் ஒன்றுமே இல்லாவிட்டாலும் புரட்டிப் போட்டு அதற்கும் ஒரு படம். வரிசையில் நிற்பவர்கள் அலுத்துக்கொள்வார்கள், நானும்தான். பின்னுக்கு ஒன்றுமில்லை என்று காட்டவும் ஒரு படம் வேணும் என்பது அவருடைய நியாயம். அந்தக் கடையில் வேகமாக நடந்த காரியம் மின்சாரம் போவது ஒன்றுதான்.

நான் அங்கே சேர்ந்து மூன்றாம் மாதம் என்னுடைய தாளையும் அவரிடம் கொடுத்தேன். கணவரை விட்டு வந்து, கிரானில் அப்பாவின் வீட்டில் பிள்ளையோடு இருந்த காலம். தாபரிப்பு வழக்குக்கு நான் கொடுத்த சத்தியக்கடதாசி ஐந்து பக்கம். எனக்கு வழக்குப் பேசிய சட்டத்தரணி அதைப் படமாக அனுப்பச் சொன்னா. நானே எடுத்திருக்கலாம், ஸ்கேனர் இரண்டு அடி தூரத்தில்தான் இருந்தது. ஆனால் அந்தப் பக்கங்களைத் திரும்பவும் பார்க்க எனக்குத் தெம்பில்லை. வாயால் சொல்ல வெட்கப்பட்டதை எல்லாம் அதில் சொல்லியிருந்தேன். நானா வழமைபோலக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார், எடுத்தார், அனுப்பினார். “அஞ்சி தாள். மூணாவதுல ஒரு சொட்டுத் தண்ணி பட்டிரிக்கி” என்று சொல்லித் தந்தார். அது தண்ணீர் இல்லை. இவர் இப்படி ஒரு குருட்டு மனிசனாக இருப்பதே பெரிய புண்ணியம் என்று அன்றைக்கு மனதார நினைத்தேன். அப்படி நினைத்ததால்தான் பிறகு மாட்டிக்கொண்டேன்.

கச்சான் விடயத்தையும் சொல்ல வேண்டும். ஐந்து மணிக்கு வேலை முடிந்தால் நான் பஸ் தரிப்பிடத்துக்குப் போவேன். அங்கே ஒரு அம்மா கூடையில் கச்சான், அதுதான் வறுத்த நிலக்கடலை, வைத்து விற்பா. நானாவும் என் பின்னால் வந்து ஒரு கடதாசிச் சரை கச்சான் வாங்கிக்கொண்டு அந்த அம்மாவுக்குப் பக்கத்தில் நிற்பார். அவருடைய வீடு எதிர்த் திசையில். அவருக்குக் கடைவாய்ப் பல் ஒன்றுகூட இல்லை, கச்சானை வாயில் போட்டால் பாக்கு இடிக்கிற உரல்தான் வேண்டும். ஒவ்வொரு நாளும் வாங்கி, சரையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்று, என் பஸ் வந்ததும் “புள்ளைக்குக் குடு” என்று என் கையில் திணிப்பார். கண்ணாடி மூக்கில் இருக்கும். வீதியோரத்து நாவல் மரத்துக்கு அந்தப் பக்கம் பஸ் வரும்போதே பலகையை வாசித்துவிடுவார். “வாழைச்சேன எண்டு போட்டிரிக்கி, உன்டதான்.” எனக்கு அது வெறும் நிறமாகக்கூடத் தெரியாது.

சாப்பிட மாட்டாத மனிசனுக்கு என்ன கச்சான் கொண்டாட்டம் என்று நான் நையாண்டி பண்ணுவேன். பழக்கம் புள்ள என்பார். சில நாள் எனக்கு எரிச்சலாகவும் இருக்கும். நாள் முழுக்கப் பக்கத்து மேசையில் இருக்கிற ஆளோடு பஸ் தரிப்பிடத்திலும் நிற்க வேண்டுமென்றால் யாருக்கும் அலுக்கும். நான் தலையைத் திருப்பிக்கொண்டு நின்ற நாட்களும் உண்டு.

அப்பா காலமானது நான் கடையில் சேர்ந்த நாலாம் வருடம். அவர் பெயரில் உன்னிச்சை வட்டையில் இரண்டு ஏக்கர் வயல் இருந்தது. அரசாங்கத்து அனுமதிப்பத்திரக் காணி. எங்கள் பக்கத்தில் வீடு வளவு பெண்பிள்ளைக்குத்தான், ஆண்பிள்ளை கலியாணம் கட்டின இடத்தில் போய் இருப்பான். அண்ணனும் அப்படித்தான் பழுகாமத்தில் மச்சாள் வீட்டில் இருந்தார். வயல் எனக்கென்று அப்பா ஊரறியச் சொன்னவர், எழுதி வைக்கத்தான் இல்லை. அந்த வயலை விட்டால் எனக்கும் பிள்ளைக்கும் வேறு நாதியில்லை. தாபரிப்புப் பணம் வந்த மாதத்தைவிட வராத மாதம்தான் அதிகம். பெயரை மாற்ற வேண்டும் என்று நான் சொல்லும்போதெல்லாம் அண்ணன், பார்ப்பம், நீ அலையாதே, நான் பார்க்கிறன் என்பார். அவர் பார்த்த விதம் பிறகுதான் தெரிந்தது.

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். அப்பாவின் முப்பத்தொன்றாம் நாள் கிரியை முடிந்த கையோடு எல்லோரும் சேர்ந்திருந்தபோது கடைக் கதை சொன்னேன். நானாவைப்பற்றித்தான். கண்ணாடியை ஏற்றுவது, காதியாரிடம் போனவளின் புருசன் வந்து ஏசினது எல்லாம் நடித்துக் காட்டினேன். அந்த மனிசனிடம் உன் மரண ஓலையைக் கொடுத்தாலும் மூலையைத்தான் பார்ப்பான் என்றேன். அண்ணனும் சிரித்தார். அதிகமாகச் சிரித்தவர் அவர்தான்.

ஒன்றரை வருடம் கழித்து ஒரு காலையில் தொலைபேசி எடுத்து, இன்றைக்கு வேலைக்குப் போகிறாயா என்று கேட்டார். பிள்ளையின் பள்ளிக்கூடத்தில் கூட்டம், லீவு என்றேன். “சரி சரி, சும்மாதான் கேட்டன்.” அப்பா இல்லாத குறைக்கு அண்ணன் விசாரிக்கிறார் என்று நினைத்து அன்று முழுக்க எனக்குச் சந்தோசம். மடைச்சி.

நாலு மாதம் கழித்துப் பிரதேச செயலகக் காணிப் பிரிவிலிருந்து எனக்குக் கடிதம் வந்தது. போனேன். காணி உத்தியோகத்தர் ஒரு பெண், என்னைவிட இளையவ. நீங்கள் வயலில் உரிமை வேண்டாமென்று எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள், நேரில் உறுதிப்படுத்த வேண்டும் என்று சொல்லித் திரையைத் திருப்பிக் காட்டினா. அப்பாவின் அனுமதிப்பத்திரம், மரணச் சான்றிதழ், அதற்குப் பிறகு ஒரு கடிதம். என் பெயர். கீழே என் கையெழுத்து, கடைசி எழுத்துக்குக் கீழே நான் வைக்கிற புள்ளியோடு. உத்தியோகத்தர் அடுத்த படத்தைத் தட்டினா. வெறுந்தாள். “இதை ஏன் அனுப்பினாங்களோ தெரியல்ல” என்று சிரித்தா.

எனக்குத் தெரியும். தாளைச் சுற்றி ஒரு விரல் அகலத்துக்குச் சாம்பல் ஓரம் இருந்தது. நாலு மூலையும் தெரிந்தது.

அது என் கையெழுத்தில்லை என்று சொன்னேன். அண்ணன் தொலைபேசியில், எழுதித் தந்துவிட்டு இப்போது மாறுகிறாள் என்றாராம். மூலப் பிரதி எங்கே என்றால் மார்கழி வெள்ளத்தில் நனைந்து போய்விட்டதாம். அடுத்த புதன்கிழமை இரண்டு பேரையும் விசாரணைக்கு வரச் சொன்னார்கள். என் சொல்லுக்கு எதிராக அண்ணன் சொல். எனக்குச் சாட்சி சொல்ல ஒரு ஈ காக்காயும் இல்லை.

நேரே கடைக்கு வந்தேன். வந்த ஆட்கள் போகும்வரைக்கும் பொறுத்திருந்து நானாவின் முன்னால் போய் நின்றேன்.

“என்ட பேர் போட்ட தாள் உங்கட கையால போயிருக்கு நானா. ஒருக்காலாவது கண்ணில படல்லியா?”

அவர் ஸ்கேனர் மூடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தார். “நான் வாசிக்கிறல்ல. உனக்குத் தெரியுந்தானே புள்ள.”

“அப்ப நீங்க நல்ல மனிசன் எண்டு இவ்வளவு நாளும் நினைச்சது பிழை. உங்களுக்குக் கண்ணில்ல, அவ்வளவுதான்” என்றேன். எனக்கு வாய் நீளம். அதற்குப் பிறகு அந்தக் கிழமை முழுக்க அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் கச்சான் சரையை நீட்டினார், நான் வாங்காமல் பஸ்ஸில் ஏறினேன்.

புதன்கிழமை காணிப் பிரிவுக்கு முன்னால் நீள மர வாங்கில் இருந்தோம், அண்ணன் ஒரு முனையில், நான் மறு முனையில். காத்துக்கொண்டு வேறு ஏழெட்டுப் பேர், பாதி ஏறாவூர் ஆட்கள். எங்களைக் கூப்பிட்டபோது வாசலில் நானா நின்றார். பெருநாளைக்குப் போடுகிற வெள்ளைச் சட்டை. கையில் ஒரு பென் டிரைவ். நான் கூப்பிடவில்லை. அவர் என்னைப் பார்க்கவுமில்லை.

உத்தியோகத்தரிடம் அதைக் கொடுத்தார். அதில் இரண்டு படங்கள் இருந்தன. இரண்டும் அதே கடிதம், அதே மடிப்பு, இடது மூலையில் அதே கறை. முதலாவது படத்தில் கையெழுத்து இல்லை. இரண்டாவதில் இருந்தது.

“இவர் தாளைத் தந்தாரு, எடுத்தன். மறுகா கையெழுத்தில்ல எண்டு பாத்துட்டு என்ட பேனையத்தான் வாங்கி, என்ட மேசையில வெச்சிப் போட்டாரு. திரும்ப எடுக்கச் சொன்னாரு. இந்தத் தங்கச்சி அண்டைக்கு லீவு. கடைட வரவுப் புத்தகத்தில இரிக்கி.”

அண்ணன் எழும்பிவிட்டார். கூட வேலை செய்கிற ஆளைச் சோடித்துக் கொண்டுவந்திருக்கிறாள் என்றார். பிறகு அவருக்கு ஒரு நல்ல நியாயம் கிடைத்தது. “மிஸ், இந்தாள் ஒருத்தர்ர தாளும் வாசிக்கிறதில்ல. ஏறாவூர் முழுக்கத் தெரியும். பின்னேரம் எல்லாத்தையும் அழிக்கிறவர். தங்கச்சிதான் எனக்குச் சொன்னவள். வாசிக்காத மனிசன் இந்தத் தாளை மட்டும் எப்பிடிப் பிடிச்சு வச்சார்?”

உத்தியோகத்தருக்கும் அது சரியாகத்தான் பட்டிருக்கும். நானாவைப் பார்த்தா. கதவு திறந்து கிடந்தது. வெளியே வாங்கில் இருந்தவர்களின் பேச்சு நின்றுவிட்டது. அவர் இல்லை என்று சொன்னால் என் வயல் போய்விடும். ஓம் என்று சொன்னால் என்ன போகும் என்பதை அந்த நேரம் நான் யோசிக்கவேயில்லை.

நானா கடிதத்தின் பிரதியைக் கையில் எடுத்தார். வழமைபோல மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். தாளை முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் பிடித்துக்கொண்டு வாசிக்கத் தொடங்கினார். ‘காலஞ்சென்ற எனது தகப்பனாரின் பெயரிலுள்ள’ என்று தொடங்கிக் கடைசிவரை, எங்கேயும் தடக்காமல், ஓதுகிறவர்களுக்கே உரிய அந்த இழுவையோடு வாசித்தார். அடியில் கடதாசிக் கம்பனியின் பெயர் எறும்பு அளவில் அச்சடித்திருந்தது. அதையும் விடவில்லை.

“கண்ணாடி தூரத்துக்கு மிஸ்” என்றார் பிறகு. “கிட்டப் பாக்க எனக்கு அது தேவல்ல, கழட்டினாத்தான் தெளிவு. வாசிச்சன். எல்லாத்தையும் வாசிச்சிரிக்கன்.”

வெளியே யாரோ ஒரு பெண் “யா அல்லாஹ்” என்று மெதுவாகச் சொன்னது கேட்டது. அண்ணன் உட்கார்ந்துவிட்டார். உத்தியோகத்தர், நானா சொன்னதை எழுதி, கையெழுத்து வாங்கி, அண்ணனின் விண்ணப்பத்தை நிறுத்தி வைத்தா. என் பெயருக்கு வயல் மாற ஒன்றரை வருடம் எடுத்தது. மாறியது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஒரே இருக்கையில் இருந்தோம். நன்றி சொல்ல வேண்டிய வாய்க்குள் வேறொன்று கிடந்து உறுத்தியது. நாலு மாதம். என் வயல் போகிறதென்று தெரிந்துகொண்டு நாலு மாதம் பக்கத்து மேசையில் இருந்து என்னோடு தேத்தண்ணீர் குடித்திருக்கிறார். அதைக் கேட்டேன்.

“சொன்னா மத்தத் தாளெல்லாம் வாசிச்சன் எண்டு சொன்ன மாதிரித்தானே புள்ள” என்றார். பயணச்சீட்டை நாலாக மடித்தார். “அரபு நல்லம். தமிழ்தான் கஷ்டம். கண்ணில பட்ட ஒடனே விளங்கிருது. என்ன செய்யலாம்?”

அப்போதுதான் என் ஐந்து பக்கம் நினைவுக்கு வந்தது. உடம்பெல்லாம் கூசியது. மூன்றாம் பக்கத்தை வாசித்துவிட்டு இந்த மனிசன் இத்தனை வருடம் என் முகத்தைப் பார்த்து ‘வா புள்ள’ என்றிருக்கிறார். நான் இருக்கையில் தள்ளி இருந்தேன். உண்மையைச் சொல்கிறேன், என் வயலைக் காப்பாற்றித் தந்த ஆளிடமிருந்து ஒரு சாண் தள்ளித்தான் இருந்தேன்.

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. அந்தக் கிழமையே சனம் குறைந்தது. வந்தவர்களும் அடையாள அட்டை, மின்சாரப் பட்டியல் என்று ஒளிக்க ஒன்றுமில்லாத தாள்களைத்தான் நீட்டினார்கள். ஒரு நாள் காதியாரிடம் மனுக் கொடுத்த அந்தப் பெண் வாசலுக்கு வந்தாள். நானாவைப் பார்த்தாள். முகத்திரையை இழுத்துவிட்டுத் திரும்பிப் போனாள். அவர் தலை குனிந்துகொண்டு மேசையில் இல்லாத தூசியைத் தட்டினார். முதலாளி கொழும்பிலிருந்து தொலைபேசி எடுத்தார். அவர் மரியாதையாகத்தான் சொல்லியிருப்பார். நானா ஓம், ஓம், சரி என்று மட்டும் சொன்னார். ஓட்டமாவடியில் தம்பியின் அரிசிக் கடைக்குப் போவதாக என்னிடம் சொன்னார். நான் ஆ, சரி நானா என்றேன். ஆறு வருடத்துக்கு அதுதான் நான் சொன்ன பிரியாவிடை. இத்தனை வருடமாகியும் அந்த அரிசிக் கடைப் பக்கம் நான் போகவில்லை. எந்த முகத்தோடு போவது?

அடுத்த நாள் அவருடைய கதிரையில் என்னை இருக்கச் சொன்னார்கள். முதலாவதாக ஒரு வயதான மனிசி வைத்தியசாலைத் துண்டு ஒன்றைக் கொண்டுவந்தா. மகனுக்கு அனுப்ப வேண்டும். நான் நாலு மூலையைத்தான் பார்க்க வேண்டும் என்று உறுதியாக இருந்தேன். வலது மேல் மூலை, இடது மேல் மூலை. கீழே வருவதற்குள் அந்த மனிசிக்கு என்ன வருத்தம், இன்னும் எவ்வளவு காலம் என்பதெல்லாம் எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த மனிசிக்குத் தெரியாது, அது ஆங்கிலத்தில் இருந்தது. “எல்லாம் வடிவா விழுந்திருக்கா மகள்?” என்று கேட்டா. ஓம் அம்மா, நாலு மூலையும் தெரியுது என்றேன். பகல் சாப்பாட்டை என்னால் திறக்க முடியவில்லை.

ஐந்து மணிக்குப் பஸ் தரிப்பிடத்துக்குப் போனேன். கச்சான் அம்மா என்னைக் கண்டதும் கூடையை ஒதுக்கி, பக்கத்தில் இடம் விட்டா.

“இஞ்சால வந்து நில்லு பிள்ள.”

எனக்குக் கச்சான் வேண்டாம் என்றேன். அவ ஒரு சரையை என் கையில் வைத்தா. “நானா சொல்லிப்போட்டுத்தான் போனவர். பஸ் வருமட்டும் உன்னை எனக்குப் பக்கத்தில நிப்பாட்டிக்கொள்ளச் சொல்லி. உன்ட புருசன்ட அடையாளமும் எனக்கு முந்தியே சொன்னவர். கறுத்த மோட்டச்சைக்கிள், நெத்தியில தழும்பு. ரெண்டு மூண்டு தரம் அந்தா அந்த மதிலடிக்கு வந்து நிண்டவன்தான். நானா நிக்கிறதைக் கண்டுபோட்டுப் போயிருவான்.”

வழக்குக்குப் பயந்துதான் என் கணவர் அந்தப் பக்கம் வருவதில்லை என்று நான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். எப்போதிருந்து என்று அவவைக் கேட்டேன். கச்சான் வாங்கத் தொடங்கின நாளிலிருந்து என்றா.

மூன்றாம் பக்கம், நடுவில். ‘நான் வேலை முடிந்து ஏறாவூர் பஸ் தரிப்பிடத்தில் நிற்கும்போது வந்து, ஆட்கள் பார்க்க என் கையை முறுக்கி...’ அந்த வரிக்குப் பக்கத்தில்தான் அந்தச் சொட்டு விழுந்திருந்தது. அதை அவரிடம் கொடுத்தது ஒரு செவ்வாய்க்கிழமை. புதன்கிழமை அவர் முதல் சரை கச்சான் வாங்கினார், நான் சிரித்தேன்.

வீதியில் மூன்று பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஒவ்வொரு பலகையாக நானே வாசிக்க வேண்டியிருந்தது.